சமோரோ, சிப்பெவா: ஒரே கொடியின் கீழ் இரு மக்களின் நிலை

கேள்வி இதுதான்: அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட இரண்டு பூர்வகுடிகளான பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவின் சமோரோ மக்களையும் பேரேரிகள் பகுதியின் சிப்பெவா மக்களையும் ஒப்பிட்டால், சமூக, பொருளாதார நிலையில் யார் மேலாக இருக்கிறார்கள், அதற்குக் காரணம் என்ன? வருமானம், வேலை, அரசுப் பதவிகள் ஆகியவற்றில் சமோரோக்கள் சராசரியாக மேலே இருக்கிறார்கள். ஆனால், ஒரு மக்களினமாக நின்று தம் நிலத்துக்கும் நீருக்கும் சட்டப்படி உரிமை கோரும் வலு சிப்பெவாக்களிடம்தான் அதிகம் இருக்கிறது. சிப்பெவாக்கள் அமெரிக்காவோடு நேரடியாக உடன்படிக்கை செய்துகொண்டவர்கள், சமோரோக்களுக்கு அந்த வாய்ப்பே தரப்படவில்லை என்ற வரலாற்று உண்மையிலிருந்துதான் இந்த இரண்டு நிலைமைகளும் கிளைக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இந்தப் பதில் வறுமை விகிதத்தை விட்டு, உடன்படிக்கையிலிருந்தும் நிலத்திலிருந்தும் தொடங்குகிறது.

எனினும் எண்களைப் பற்றி முதலில் ஓர் எச்சரிக்கை. குவாம் ஒரு மாநிலம் அல்ல, அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மாநிலங்களில் வாழும் சமோரோக்களைப் பசிபிக் தீவினர் என்ற தொகுதியிலும், சிப்பெவாக்களை அமெரிக்க இந்தியர் என்ற தொகுதியிலும் வைக்கிறது. ஆண்டுதோறும் வருமானத்தையும் வறுமையையும் அளக்கும் தேசிய ஆய்வு குவாமில் நடத்தப்படுவதே இல்லை. அங்கே பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பே முதன்மையான ஆதாரம். ஆகவே 'சமோரோ குடும்பங்களின் சராசரி வருமானம்' என்று ஓர் அட்டவணையில் காணும் எண், பெரும்பாலும் கலிபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் குடியேறியவர்களின் வருமானம்தான். அவர்களில் பலர் கடற்படையிலோ ராணுவத்திலோ பணியாற்றியவர்கள், அல்லது அப்படிப் பணியாற்றியவர்களின் பிள்ளைகள். 2010-இல் கலப்பினத்தவரையும் சேர்த்து 1,47,798 பேர் மாநிலங்களில் தம்மைக் குவாமியர் அல்லது சமோரோ என்று பதிந்தார்கள். அதே ஆண்டில் குவாமின் 1,59,358 பேரில் தம்மைச் சமோரோ என்று மட்டும் பதிந்தவர்கள் 37.3 விழுக்காடு. மாநிலங்களில் உள்ள சமோரோக்களின் வறுமை நாட்டின் சராசரியை ஒட்டியே இருக்க, குவாமில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்கிறார். சிப்பெவாக்களின் எண்ணும் இதே போன்ற கலவைதான். மினியாபொலிஸ் நகரத்துச் செவிலியரும், வடக்கு டக்கோட்டாவின் பெல்கோர்ட் என்ற சிப்பெவா ஊரில் வேலை தேடி அலையும் இளைஞரும் அதில் ஒரே வரிசையில் வருகிறார்கள்.

சிப்பெவா என்பது ஆங்கிலேயர் வாயில் திரிந்த பெயர். ஒஜிப்வே என்பதே அதன் மூல வடிவத்துக்கு நெருக்கமானது. அவர்கள் தம்மை அனிஷினாபே என்று அழைத்துக்கொள்கிறார்கள். மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா, வடக்கு டக்கோட்டா, மொன்டானா ஆகிய மாநிலங்களிலும், எல்லைக்கு அப்பால் கனடாவிலும் பரவியிருக்கும் பெரும் மக்களினம் இது. மினசோட்டா, விஸ்கான்சின் நிலங்களின் பெரும்பகுதியை 1837, 1842, 1854, 1855 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வழியாக அமெரிக்கா அவர்களிடமிருந்து பெற்றது. அந்த உடன்படிக்கைகள் நேர்மையாக நிறைவேற்றப்படவில்லை. 1850-இல் ஆண்டுத் தொகையும் உணவும் வாங்கிக்கொள்ளச் சாண்டி லேக் என்ற இடத்துக்கு வரும்படி அழைக்கப்பட்டவர்கள் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். நோயாலும் பசியாலும் அங்கேயும், கடும் குளிரில் ஊர் திரும்பும் வழியிலும் ஏறத்தாழ 400 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, தொண்ணூறு வயதைத் தாண்டிய தலைவர் பஃபலோ 1852-இல் தலைநகர் வாஷிங்டன் வரை பயணம் செய்து குடியரசுத் தலைவரைச் சந்தித்து முறையிட்டார். 1854-ஆம் ஆண்டு உடன்படிக்கை, அம்மக்கள் தம் பகுதியிலேயே நிலையாக வாழ ரிசர்வேஷன்கள் எனப்படும் தனி நிலப்பகுதிகளை ஒதுக்கியது. இத்தனை அநீதிக்குப் பிறகும் அந்தத் தாள்கள் அழியவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமோரோக்களின் வரலாறு வேறு வகையானது. குவாம் அடங்கிய மரியானா தீவுகளுக்கு 1521-இல் மகெல்லன் வந்தார். 1668-இல் ஸ்பானியக் குடியேற்றமும் கிறித்தவப் பணியும் தொடங்கின. தொடர்ந்த போர்களிலும் நோய்களிலும் மக்கள்தொகை சில ஆயிரமாகச் சுருங்கியது. 1898-இல் பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் ஸ்பெயின் குவாமை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இரு தரப்பில் ஒன்றுகூடச் சமோரோ அல்ல. பூர்வகுடிகளின் உரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானிக்கும் என்று மட்டும் அதில் எழுதப்பட்டது. வடக்கேயுள்ள சைபான், டினியன், ரோட்டா தீவுகள் 1899-இல் ஜெர்மனிக்கு விற்கப்பட்டு, பிறகு ஜப்பானிடம் போய், 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்கர் கைக்கு வந்தன. ஒரே மொழி பேசும் மக்கள் இப்படி இரண்டாகப் பிரிந்தார்கள். குவாமைக் கடற்படை அதிகாரிகள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆண்டார்கள். 1949-இல் தீவின் சட்டமன்ற உறுப்பினர்கள் அவையை விட்டு வெளிநடப்புச் செய்த பின்னரே, 1950-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமையையும் குடிமை அரசையும் தந்தது. இன்றும் குவாமில் வாழும் அமெரிக்கக் குடிமகன் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. நாடாளுமன்றத்துக்கு அவர் அனுப்பும் பிரதிநிதிக்கு இறுதி வாக்கெடுப்பில் உரிமை இல்லை.

நீதிமன்றங்கள் இந்த இரு மக்களுக்கும் சூட்டிய பெயர்களே நிலைமையை விளக்கிவிடும். பூர்வகுடிகள் 'உள்நாட்டில் சார்ந்து வாழும் தேசங்கள்' என்று 1831-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றத்தின் 1901-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில், ஸ்பெயினிடமிருந்து பெற்ற தீவுகளின் நிலை 'உள்நாட்டு அர்த்தத்தில் அந்நியமானது' என்று விவரிக்கப்பட்டது. முதல் சொல்லில் குறுகலாகவேனும் 'தேசம்' இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது உடைமை மட்டுமே.

இனி நிலத்துக்கு வருவோம். 1867-இல் மினசோட்டாவில் ஒயிட் எர்த் ரிசர்வேஷன் ஏறக்குறைய 36 மைலுக்கு 36 மைல் சதுரமாக அமைக்கப்பட்டது. 1887-ஆம் ஆண்டுப் பொதுச் சட்டமும் 1889-ஆம் ஆண்டு மினசோட்டாச் சட்டமும், பொதுவாக இருந்த பழங்குடி நிலத்தைத் தனிநபர்களுக்குப் பட்டா போட்டுப் பிரித்தன. 1906-இல் வந்த ஒரு திருத்தம், 'கலப்பு இரத்தம்' உடையவர்கள் தம் பங்கை விற்கலாம் என்றது. மரக் கம்பெனிகளும் நிலத் தரகர்களும் புகுந்தார்கள். விற்றவர் கலப்பினத்தவரா இல்லையா என்ற வழக்குகள் எழுந்தபோது, 1910-களில் மானுடவியலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் மக்களின் மார்புத் தோலை நகத்தால் கீறி, அந்தக் கோடு எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்து, அதை வைத்து 'முழு இரத்தமா, கலப்பா' என்று பதிவு செய்தார்கள். ஒரு மனிதனின் காணி அந்தக் கீறலில் போயிற்று. இன்று அந்த ரிசர்வேஷனின் எல்லைக்குள் பழங்குடி அரசிடம் இருக்கும் நிலம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு வடமேற்கில் இருக்கும் டர்ட்டில் மவுன்டன் சிப்பெவாக்களிடமிருந்து 1892-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியாக ஒரு கோடி ஏக்கர் பத்து லட்சம் டாலருக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஏக்கருக்குப் பத்து சென்ட். அவர்கள் அதைப் 'பத்து சென்ட் உடன்படிக்கை' என்றே இன்றும் சொல்கிறார்கள். மிஞ்சிய ரிசர்வேஷன் 6 மைலுக்கு 12 மைல்தான். அங்கே நிலவும் வேலையின்மைக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

மாறாக, ரெட் லேக் சிப்பெவாக்களின் தலைவர்கள் 1889-இல் பட்டா பிரிப்பதற்கு உடன்படவில்லை. நிலம் இன்றுவரை பொதுச் சொத்தாகவே இருக்கிறது. அங்கே யாரும் தனியாக நிலம் வைத்திருப்பதில்லை. இதனால் ரெட் லேக் பணக்கார ஊராகிவிடவில்லை. பெருநகரங்களிலிருந்து தொலைவில் இருப்பதால் வேலையின்மையும் வறுமையும் அங்கே கடுமையாகவே இருக்கின்றன. ஆனால் 1990-களில் அளவுக்கு மீறிப் பிடித்ததால் அவர்கள் ஏரியின் வால்ஐ என்ற மீனின் வளம் அற்றுப்போனபோது, மீன்பிடிப்பை நிறுத்தவும், குஞ்சுகளை விட்டுப் பெருக்கவும், 2006-இல் மீண்டும் தொடங்கவும் அவர்களால் முடிந்தது. மினசோட்டா மாநிலமும் மத்திய அரசும் உடனிருந்தன என்றாலும், ஏரியின் பெரும்பகுதி அவர்களுடையது என்பதால் முடிவு அவர்கள் கையில் இருந்தது.

குவாமில் நிலம் போனது தரகர் வழியாக அல்ல, புல்டோசர் வழியாக. 1941 டிசம்பரில் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். 1944 ஜூலையில் அமெரிக்கர் மீட்டார்கள். முகாம்களிலிருந்து வீடு திரும்பிய குடும்பங்கள் தம் தோட்டங்களில் ஓடுதளங்களைக் கண்டன. சுமாய் என்ற ஊர் போருக்கு முன் தலைநகர் ஹகாட்னாவுக்கு அடுத்த பெரிய ஊராக இருந்தது. அந்த மக்கள் திரும்பிப் போகவே அனுமதிக்கப்படவில்லை. அருகில் மலைச்சரிவில் சாந்தா ரீட்டா என்ற இடத்தில் குடியேற்றப்பட்டார்கள். சுமாய் இன்று கடற்படைத் தளத்தின் வேலிக்கு உள்ளே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வாயிற்கதவு திறக்கப்படும்போது, முதியவர்களும் பேரப்பிள்ளைகளும் உள்ளே போய்த் திருப்பலி கண்டு, மூதாதையர் கல்லறைகளைச் சுத்தம் செய்து மலர் வைத்துவிட்டு வருகிறார்கள். 540 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள தீவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ராணுவத்தின் கையில் இருக்கிறது. ஜப்பானின் ஒகினாவாவிலிருந்து மாற்றப்படும் ஆயிரக்கணக்கான மரீன் படை வீரர்களுக்காகப் புதிய தளமும் எழுந்திருக்கிறது.

ஆனாலும் தீவில் சம்பளம் தரும் முக்கியமான அமைப்புகளில் ஒன்று அந்த ராணுவம்தான். குவாமின் பொருளாதாரம் ராணுவச் செலவு, தீவு அரசின் வேலைகள், சுற்றுலா ஆகிய மூன்றில் நிற்கிறது. ஜப்பானிலிருந்தும் தென் கொரியாவிலிருந்தும் 2019-இல் வந்தவர்களே பெரும்பான்மையாக, 16 லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தார்கள். கொரோனா அதை ஏறக்குறைய முழுவதும் துடைத்தது. 2023 மே மாதம் மாவர் புயல் மீண்டும் அடித்தது. தீவு அரசின் வேலைகளில் சமோரோக்கள் வலுவாக இருக்கிறார்கள்; 1970 முதல் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இது சிப்பெவாக்களுக்கு எந்த மாநிலத்திலும் கிடைக்காத நிலை: மினசோட்டாவில் அவர்கள் மிகச் சிறுபான்மையினர். ராணுவத்தில் சேர்வது குவாம் குடும்பங்களில் தலைமுறை வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு காலத்தில் கடற்படையில் சமோரோ இளைஞர்களைச் சமையல், பரிமாறல் பணிக்கு மட்டுமே எடுத்தார்கள். இன்று எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள்; போர்களில் மக்கள்தொகை விகிதத்துக்கு மீறி உயிரையும் கொடுத்திருக்கிறார்கள்.

கையில் வரும் சம்பளத்தின் மதிப்பு வேறு கதை. உணவில் மிகப் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து வரும் சரக்கு அமெரிக்கக் கொடி ஏற்றிய கப்பலில்தான் வர வேண்டும் என்ற சட்டம் குவாமுக்குப் பொருந்துகிறது; இது விலையை ஏற்றுகிறது. இதைவிட வேதனையானது, ஏழை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசு தரும் மாதாந்திரத் துணை வருமானம் குவாமில் வாழ்பவர்களுக்குக் கிடையாது என்பது. அதே மனிதர் சைபானுக்கோ சான் டியாகோவுக்கோ குடிபெயர்ந்தால் கிடைக்கும். ஊனமுற்ற ஒரு குழந்தையின் தாய்க்கு இந்தச் சட்டம் சொல்வது, 'தீவை விட்டுப் போ' என்பதுதான். ஒயிட் எர்த்தில் வாழும் சிப்பெவாத் தாய்க்கு இந்தத் தடை இல்லை.

சிப்பெவாக்களின் பொருளாதார மாற்றம் ஒரு வரி ரசீதிலிருந்து தொடங்கியது. 1970-களின் தொடக்கத்தில் லீச் லேக் ரிசர்வேஷனில் ஒரு தம்பதி வாழ்ந்த நகரும் வீட்டுக்கு இட்டாஸ்கா மாவட்டம் 147.95 டாலர் வரி விதித்தது. பணமில்லாத அவர்கள் இலவசச் சட்ட உதவியை நாடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1976-இல் நீதிபதிகள் ஒருமனதாக, பழங்குடி நிலத்தில் வாழும் பழங்குடியினர் மீது இப்படி வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். ரிசர்வேஷன் வாழ்வைப் பொதுவாக ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் மாநிலத்துக்குத் தரப்படவில்லை என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். அதன் மேல் அடுக்கடுக்காக வந்த தீர்ப்புகளும் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் பழங்குடி அரசுகள் காசினோ நடத்த வழி செய்தன. மில் லாக்ஸ் சிப்பெவாக்கள் மினியாபொலிஸுக்கும் டுலூத்துக்கும் இடைவழியில் உள்ள ஹிங்க்லியில் திறந்த காசினோவின் வருமானத்தில் பள்ளிகளையும் மருத்துவ மையங்களையும் கட்டினார்கள். மிச்சிகனின் சாகினா சிப்பெவாக்கள் உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை பங்கிட்டார்கள். அதோடு, யார் உறுப்பினர் என்ற தகராறும் கூடவே வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து விலகிய டர்ட்டில் மவுன்டனுக்கும் ரெட் லேக்குக்கும் காசினோ சில வேலைகளைத் தந்தது, செல்வத்தைத் தரவில்லை. 'பழங்குடியினர் காசினோப் பணத்தில் வாழ்கிறார்கள்' என்ற பேச்சு பெரும்பாலான சிப்பெவாக் குடும்பங்களைப் பொறுத்தவரை உண்மைக்குப் புறம்பானது.

காசினோவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மீனும், மனூமின் என்று அவர்கள் அழைக்கும் காட்டு அரிசியும். 1837-ஆம் ஆண்டு உடன்படிக்கை, விட்டுக்கொடுத்த நிலங்களிலும் வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், காட்டு அரிசி சேகரிக்கவும் உரிமையைத் தக்கவைத்திருந்தது. 1974-இல் விஸ்கான்சினில் இரு சகோதரர்கள் ரிசர்வேஷன் எல்லையைத் தாண்டி ஏரியில் மீன் குத்திக் கைதானார்கள்; 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமை உயிரோடு இருக்கிறது என்றது. அடுத்த சில ஆண்டுகள் படகுத்துறைகளில் வெள்ளையர் கூட்டங்கள் திரண்டு, மீன் பிடிக்கச் சென்ற குடும்பங்கள் மீது வசையும் கல்லும் வீசின. 1999-இல் உச்ச நீதிமன்றமும் மினசோட்டாவின் மில் லாக்ஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சிப்பெவாக்களின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் கடைசியில் அந்த ஏரிகளில் ஒருவர் ஓடத்தில் நின்று கவைக்கோலால் தள்ள, மற்றவர் அமர்ந்து ஒரு தேவதாரு மரக் குச்சியால் கதிரை மடியில் சாய்த்து, இன்னொன்றால் மெல்லத் தட்டுகிறார். முற்றிய மணி ஓடத்தில் விழுகிறது. சில நீரில் விழுந்து அடுத்த ஆண்டுக்கு விதையாகின்றன. பிறகு காயவைத்து, வறுத்து, காலால் மிதித்து உமி நீக்கி, பூர்ச்ச மரப்பட்டைத் தட்டில் புடைக்கிறார்கள். இதனால் கிடைக்கும் காசு குறைவு. ஆனால் ஏரி நீரைக் கெடுக்கும் சுரங்கத்தையும் எண்ணெய்க் குழாயையும் எதிர்த்து நீதிமன்றம் போகும்போது, நூற்றெண்பது ஆண்டுப் பழைய அந்த வரிதான் அவர்கள் கையில் இருக்கும் ஆயுதம்.

சமோரோக்களிடம் அப்படி ஒரு வரி இல்லை. இழந்த நிலத்துக்கு ஈடாக, 1975-இல் குவாம் சட்டமன்றம் சமோரோ நில அறக்கட்டளையை உருவாக்கியது. ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகை. 2017-இல் அமெரிக்க நீதித்துறை இதை இனப் பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தது. 2020-இல் ஏற்பட்ட உடன்பாட்டில், இனத்தை அல்லாமல் நில இழப்பை அடிப்படையாகக் கொண்டு தகுதி மாற்றி எழுதப்பட்டது. தீவின் எதிர்காலம் தனி நாடா, மாநிலமா, வேறு ஏற்பாடா என்று பூர்வகுடிகளிடம் கருத்துக் கேட்க வகுத்த வாக்கெடுப்பையும் 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இனத் தடை என்று நிறுத்தியது. சிப்பெவா உறுப்பினர் என்பது அரசியல் உறவு என்று 1974 முதல் ஏற்கும் சட்டம், சமோரோ என்பதை இனம் என்று மட்டுமே பார்க்கிறது. 1910-களில் சிப்பெவாவின் மார்பைக் கீறிப் பார்த்த அதே அரசு இப்படிச் சொல்வதை என்னால் நியாயமென்று ஏற்க முடியவில்லை. சைபான் முதலிய தீவுகள் அடங்கிய வட மரியானாவில் நிலைமை சற்று மேல்: 1976-ஆம் ஆண்டு உடன்பாடு பேச்சுவார்த்தை வழியாக வந்ததால், அங்கே நிலத்தை நிரந்தரமாக வாங்கும் உரிமை இன்றும் வட மரியானா வம்சாவளியினருக்கு மட்டுமே. ஆனாலும், வெளிநாட்டுத் தொழிலாளர்களை நம்பி வளர்ந்த சைபானின் ஆடைத் தொழிற்சாலைகள் 2009-க்குள் அனைத்தும் மூடப்பட்டதும் அந்தத் தீவு பொருளாதாரத்தில் சரிந்தது.

உறுப்பினர் தகுதி சிப்பெவாக்களுக்கும் வலியான விஷயமே. மினசோட்டாவின் ஆறு சிப்பெவா அரசுகள் சேர்ந்த அமைப்பு 1960-கள் முதல் கால்பங்கு இரத்தம் வேண்டும் என்று விதித்திருக்கிறது. வெளியே மணம் முடிப்பவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டியலிலிருந்து விழுகிறார்கள். 2022-இல் நடந்த கருத்து வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் இந்த விதி நீங்க வேண்டும் என்றார்கள். சமோரோவுக்கு இந்தக் கணக்கு இல்லை. தாய்வழிச் சொந்தம், ஞானஸ்நானப் பெற்றோர், தேவாலயத் திருவிழா ஆகியவை வழியாக அந்நியரும் குடும்பத்துக்குள் வந்துவிடுகிறார்கள்.

உடல்நலத்தில் இருவரும் நீரிழிவால் வாடுகிறார்கள். சிப்பெவாக்களுக்கு உடன்படிக்கையின் வழியாகப் பூர்வகுடி நலச் சேவை உண்டு, ஆனால் நிதி எப்போதும் போதாது. போதைமருந்து மரணங்கள் மினசோட்டாவில் பூர்வகுடிகளிடையே மிக அதிகம். குவாமில் கடும் நோய் வந்தால் மணிலாவுக்கோ ஹோனலூலுவுக்கோ பறக்க வேண்டும்.

மொழியிலும் இதே வேறுபாடு தெரிகிறது. உறைவிடப் பள்ளிகளில் அடித்து மறக்கடிக்கப்பட்ட ஒஜிப்வே மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் அமெரிக்கப் பக்கத்தில் ஆயிரத்துக்குள்தான் இருப்பார்கள். விஸ்கான்சினின் வாடூகோடாடிங் பள்ளி 2000-களின் தொடக்கத்திலிருந்து அந்த மொழியிலேயே பாடம் நடத்துகிறது. சமோரோ மொழியைக் கடற்படை அரசு 1917-இல் தடை செய்து, பிறகு அகராதிகளைச் சேகரித்து எரித்தது. ஆயினும் 2010-இல் குவாமில் சுமார் 25,000 பேர் அதைப் பேசினார்கள். அவர்களிலும் இளையவர்கள் குறைவு.

இளையவர்கள் வெளியேறுவது இருவருக்கும் பொது. மினியாபொலிஸில் வேலை பார்க்கும் சிப்பெவா வெள்ளிக்கிழமை மாலை காரில் கிளம்பினால் இரவுக்குள் ஏரிக்கரையில் இருப்பார். வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில் இருக்கும் சமோரோவுக்கு ஊர் 9,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால், இரவுதோறும் ஜெபமாலை சொல்ல உறவு கூடும். வருபவர்கள் உறையில் வைத்துத் தரும் பணத்தின் பெயர் இகா; அது செஞ்சுலே என்ற கொடுக்கல் வாங்கல் வழக்கின் ஒரு வகை. நம் மொய்யைப் போலவே யார் எவ்வளவு தந்தார் என்று நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு நிகழ்ச்சியில் திருப்பிச் செய்வார்கள். வர முடியாதவர்கள் தம் பங்கை உடன்பிறந்தவர் வழியாக அனுப்பிவைக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக ஊர்ப்பக்கம் வராதவரின் பெயரும் அந்த நோட்டில் இருக்கும்.